மூவர் ஆசைக்கு ஒரே குளம்

கேள்வி: ஓண விடுமுறைக்குக் குடும்பத்தோடு இலங்கை போகலாம் என்றிருக்கிறோம். மகளுக்கு யானை, மனைவிக்கு ஏரி, எனக்கு நல்ல சாப்பாடு. நான்கு நாளில் மூன்றும் முடியுமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: தாராளமாக முடியும். வீட்டில் மூன்று கட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூவரும் கேட்பது குளத்தைத்தான். இலங்கையின் வறண்ட பகுதியில் ஏரி என்று படங்களில் பார்ப்பவை பெரும்பாலும் மன்னர்கள் வயலுக்காகக் கட்டிய குளங்கள். வில்பத்துவில் உள்ளதுபோல் தானாக அமைந்த நீர்நிலைகள் குறைவு. மின்னேரியாக் குளம் மகாசேனன் காலத்தது, வயது ஆயிரத்து எழுநூறுக்கும் மேல். நெல்லுக்காகத் தேக்கிய தண்ணீரில் யானை பிறகு பங்குக்கு வந்தது. நம் பக்கம் இடவப்பாதி மழை பெய்யும் மாதங்களில் அங்கே காடு காய்ந்து கிடக்கும். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் போகப் போகக் குளம் உள்வாங்கும். மூழ்கியிருந்த தரையில் இளம்புல் தழைக்கும். அதைத் தேடித்தான் ஆகஸ்ட், செப்டம்பரில் நூற்றுக்கணக்கான யானைகள் குட்டிகளோடு வந்து கூடுகின்றன. துதிக்கையால் ஒரு கொத்தைச் சுருட்டிப் பிடித்து, முன்காலால் உதைத்துப் பிடுங்கி, வேர்மண்ணைக் காலில் தட்டி உதறிவிட்டுத்தான் வாயில் போடும். மகளை அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பங்கும் அந்தக் கரைகளில்தான். பிட்டும் இடியப்பமும் தேங்காய்ப்பால் கறியும் களியக்காவிளைக்காரருக்குப் புதிதா என்ன? அவற்றைத் தேடி அலைய வேண்டாம். குளத்து மீன் குழம்பும், மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரில் கித்துள் பாணி ஊற்றியதும் கேட்டு வாங்குங்கள். மீன், எருமை, நெல் மூன்றுக்கும் ஆதாரம் குளத்துத் தண்ணீர்.

சிறுத்தை பார்க்க யால போகாமல் வரலாமா என்பார்கள். சிறுத்தைக்கு யால பேர்பெற்றது, மறுக்கவில்லை. ஆனால் அது தென்கிழக்கு மூலை. ஒரு சிறுத்தைக்குப் பின்னால் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்பதும் உண்டு. செப்டம்பரில் வறட்சியால் பூங்காவின் முக்கியப் பகுதியை மூடிவிடும் ஆண்டுகளும் இருக்கின்றன. போகவும் வரவும் இரண்டு நாள் கழிந்தால் மிச்சம் இரண்டு நாள்தான். அதை இரண்டாக வெட்டாதீர்கள்.

இன்னொரு தடை வலுவானது. 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வருவதால், வற்ற வேண்டிய மாதத்திலும் மின்னேரியா நிறைந்து நிற்பதுண்டு. அப்போது புல் மூழ்கும், யானை வராது. குளம் நிறைந்தால் நல்லது என்று வளர்ந்தவர்களுக்கு இது விளங்கச் சற்று நேரமாகும். உழவருக்கு அந்தத் தண்ணீர் வேண்டும்தான். திறக்கும் நாளையும் அளவையும் யானையையும் நினைத்து வகுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

கேள்வி: குளம் பார்க்கக் கடல் தாண்டுவானேன்? தேரூர் இருக்கிறதே!
– அதே ஊரிலிருந்து இன்னொரு வாசகர்

பதில்: தேரூரை முதலில் பாருங்கள், நானும் அதையே சொல்வேன். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத்துக்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தது அங்கே வந்து தங்கும் பறவைகளின் பொருட்டும்தான். ஆனால் மின்னேரியாவில் குளத்தை ஒட்டியே காடு இருக்கிறது, குளத்தின் கீழே வயல் இருக்கிறது. நம் மாவட்டத்தில் எத்தனையோ குளங்களின் கீழே இருந்த ஏலா வீட்டுமனையாகிவிட்டது. பாய்ச்ச வயல் இல்லாத குளத்துக்கு மடை எதற்கு, தூர்வாருவது எதற்கு என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது. வயலும் காடும் உடனிருந்தால் ஒரு குளம் எத்தனை உயிரைத் தாங்கும் என்பதைப் பார்க்கத்தான் கடல் தாண்டச் சொல்கிறேன்.

ஹபரணையில் தங்குங்கள். மின்னேரியாவா, பக்கத்துக் கவுடுல்லையா, அன்றைக்கு யானைகள் எங்கே என்று ஜீப் ஓட்டுநரிடம் கேட்டபிறகே சீட்டு வாங்குங்கள்.