எம் பேரன் எந்த வகை, சார்வாள்?

சார்வாள், நீங்க இலத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரா வந்ததிலேருந்து பிள்ளைகளுக்கு யோகந்தான். நேத்து எம் பேரன் வீட்டுப்பாடம் எழுதாம குளத்தங்கரையில ஆடிக்கிட்டுக் கிடந்தான். “ஏல, எழுதுனியா?”ன்னேன். “தாத்தா, நான் கேட்டுப் படிக்கிற வகை. கேள்வி பாரம் கொடுத்துப் பார்த்து சாரே சொல்லிட்டாரு”ங்கான். நாங்க படிக்கிற காலத்துல இப்படி ஒரு சாக்கு கிடைக்காமத்தானே முட்டி வீங்குனோம்!

எம் பேத்தி பி.எட். படிக்கா. அவ தூங்குனப்புறம் புத்தகத்தைப் புரட்டிட்டேன். நியூசிலாந்துல நீல் பிளெமிங்னு ஒருத்தர், முன்னால பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரா இருந்தவராம். பாத்து, கேட்டு, வாசிச்செழுதி, செஞ்சுன்னு நாலு வகை வச்சு 1992-ல எழுதினாரு. படிக்கிறவன் தன்னைப் பத்தித் தானே யோசிக்கட்டும்னுதான் அவர் கேள்வி வச்சாரு. நீங்க அதைச் சாதிச் சான்றிதழ் கணக்கா பிள்ளைக்குப் பிள்ளை கொடுத்துட்டிய.

வகைக்கு ஏத்த மாதிரி நடத்துனா நல்லாப் படிப்பாங்கிறதை 2008-ல அமெரிக்காவுல நாலு மனவியல் பேராசிரியர்மாரு சலிச்சுப் பார்த்திருக்காக. பார்க்கிறவனுக்குப் படம் காட்டி, கேக்கிறவனுக்கு வாயால சொல்லி, பெறவு மாத்திப் போட்டும் நடத்தி, எல்லாருக்கும் ஒரே பரீட்சை வைங்க. வகைக்கு ஏத்தாப்புல படிச்சவன் கூட மார்க்கு வாங்குனா ஒத்துக்கிடுதோம்னாக. அப்படி ஒழுங்காச் செஞ்ச ஆராய்ச்சியைத் தேடிப் பிடிக்கவே பெரும்பாடு. செஞ்சதுலயும் சிலது எதிராத்தான் சொல்லுச்சு. பிடிக்கது வேற சார்வாள், மண்டையில ஏறுதது வேற. எனக்குச் சாஞ்சுகிட்டுப் படிக்கத்தான் பிடிக்கும். நாலு வரியில கொறட்டை வந்திரும்.

நாளைக்குத் தென்மேற்குப் பருவக்காத்து நடத்தப் போறியளாமே. ஆரியங்காவுக் கணவாய் எங்க கிடக்குன்னு படம் போடாம எந்தக் காதுக்கும் விளங்காது. ஆனி ஆடியில ஈரக்காத்து அந்த வழியாத்தானே நுழையுது. அதனாலதான் மத்த ஊரு காயும்போது குத்தாலத்துல சாரல். சாரல்ல நனைஞ்ச பையனுக்குப் பாதிப் பாடம் முடிஞ்சு போச்சு. மீதியை ரெண்டு வரி எழுதட்டும், எம் பேரனும் சேர்த்துத்தான். அதே, சங்கராபரண ராகத்தைக் கரும்பலகையில வரைஞ்சு காட்டுதேன்னு நின்னியன்னா, நான் வந்து சிரிச்சிட்டுப் போவேன். வகை பாக்கணும்னா பாடத்துக்குப் பாருங்க.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துல விரலு மணல்ல, கண்ணு விரல்ல, வாயி “ஆனா ஆவன்னா”ன்னு ஊரு கேக்க. இவனுக்கு இதுன்னு பிரிப்பு கிடையாது. எழும்பூர் அநாதைப் பள்ளிக்கு 1789-ல பொறுப்பேத்த ஆண்ட்ரூ பெல் துரை, இந்த மணல் எழுத்தைப் பார்த்தாரு. தெரிஞ்ச பையனை விட்டுத் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்க வச்சாரு. சீமைக்குத் திரும்பிப் போயி 1797-ல புத்தகமே போட்டுட்டாரு. அங்க அதுக்குப் பேரு ‘மெட்ராஸ் முறை’. மணலைக் கொண்டு போனவரு பிரம்பையும் கையோட கொண்டு போயிருக்கலாம். அது இங்கனயே தங்கிட்டு.

பெறவு, உங்க கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன், அவனும் ‘கேட்டுப் படிக்கிறவன்’னு எழுதியிருக்கியளாம். நானும் அவனைக் கவனிச்சேன். பஸ்சு வந்தா கண்ணை இடுக்கிக்கிட்டு, “அண்ணாச்சி, இது தென்காசியா, செங்கோட்டையா?”ன்னு கேட்டுத்தான் ஏறுதான். வகுப்புல கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னா, பக்கத்துப் பையன் நோட்டை எட்டிப் பார்க்கானாம். அவனுக்குக் காதுமேல தனிப் பிரியம் ஒண்ணுமில்லை சார்வாள், தூரத்துல இருக்கது தெரியலை! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சும்மா கண்ணாடி கொடுக்கு. முதல்ல தென்காசிப் பெரியாஸ்பத்திரியில கண்ணைக் காட்டச் சொல்லுங்க.

பிரிக்காம முடியாதுன்னா, 2022-ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தைப் பாருங்க. அரும்பு, மொட்டு, மலர்னு வச்சிருக்காக. பிள்ளை இன்னைக்கு எந்தப் படியில நிக்குன்னு அதுல தெரியும். அடுத்த மாசம் ஏறிரும். உங்க பாரத்துல ஏறுததுக்குப் படியே இல்லையே.

அச்சடிச்ச பாரத்தை என்ன செய்யன்னு முழிக்காதீய. பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு? நாளைக்குக் கணவாய்ப் படம் வரையக் கொடுத்திருங்க. எம் பேரனுக்கு ரெண்டாக் கொடுங்க.