விலை ஏறினால் பாதுகாப்பும் ஏறுமா?

கேள்வி: அமெரிக்காவில் சைக்கிள் ஹெல்மெட் 20 டாலருக்கும் கிடைக்கிறது, 200 டாலருக்கும் கிடைக்கிறது. எது தலையைக் காக்கும்?

பதில்: விழும் தலைக்கு விலைச்சீட்டு தெரியாது. 1999 மார்ச் முதல் அந்நாட்டுச் சந்தைக்குத் தயாராகும் எல்லா சைக்கிள் ஹெல்மெட்டும் ஒரே அரசுத் தேர்வில் தேறியாக வேண்டும். உள்ளே போலித் தலையைப் பொருத்தி, 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் போடுவார்கள். அந்தத் தலைக்குள் பதிவாகும் அதிர்ச்சி, புவியீர்ப்பு முடுக்கத்தின் 300 மடங்கைத் தாண்டக் கூடாது. இரண்டு விலையிலும் அடியை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் அதே தெர்மாகோல் இன நுரைதான். தான் நசுங்கி மண்டையைக் காப்பாற்றுகிறது. கூடுதல் பணம் பெரிதும் எடைக்குறைப்புக்கும் காற்றோட்டத்துக்கும் போகிறது. வெயிலில் நெடுந்தூரம் மிதிப்பவர்களுக்கு அதுவும் தேவைதான்.

'சாய்வாக விழுந்தால் மூளை சுழலுமே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அரசுத் தேர்வு அதை அளப்பதில்லை. ஆனால் சுழற்சியைக் குறைக்கும் வழுக்கு உள்ளுறையான மிப்ஸ் இப்போது மலிவான ஹெல்மெட்டுகளிலும் வருகிறது. சாய்வு மோதலையும் சோதித்து நட்சத்திரம் வழங்கும் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பட்டியலில், விலை குறைந்தவையும் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன. தலையில் ஆடினாலோ, வார் தொளதொளத்தாலோ 200 டாலரும் வீண். போட்டுப் பார்த்து வாங்குங்கள். விபத்தில் ஒருமுறை அடிபட்டதை மறுபடி போடாதீர்கள்.