வேதாளத்துக்கு ஓவர்டைம்

ஒரகடத்தில் இப்போது இருட்டு கிடைப்பதில்லை. சாலை நெடுக உயர்கோபுர விளக்கு, ஆலை மதிலோரம் விடியவிடிய வெளிச்சம், நடுச்சாமத்திலும் வரிசை கட்டி வரும் கம்பெனி பஸ். நான் பையனாக இருந்த எழுபதுகளில் இந்தப் பக்கத்தில் இருட்டுக்குப் பஞ்சமே இல்லை, பஞ்சமெல்லாம் புத்தகத்துக்குத்தான். ஏரிக்கரைப் பனைக்கு ஒரு முனி, புளியமரத்துக்கு ஒரு மோகினி, சுடுகாட்டு ஓடைக்கு ஒரு கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஊரே சேர்ந்து பட்டா போட்டுக் கொடுத்திருந்தது. பிற்பாடு சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தார்கள். பட்டாதாரர்களுக்கு இழப்பீடு வந்தது. முனிக்கும் மோகினிக்கும் பத்துப் பைசா வந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் ஊருக்கு இலக்கியம் சலூன் வழியாக வந்தது. சலூன்காரர் ஸ்ரீபெரும்புதூர் போய்வரும்போது அம்புலிமாமா வாங்கிவருவார். முடி வளராத மாதத்திலும் நான் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். சங்கர் வரைந்த அந்தப் படம் யாருக்கு மறக்கும்? உருவிய வாள், தோளில் பிணம், காலடியில் மண்டை ஓடுகள். விக்ரமாதித்தன் முகத்தில் மட்டும் ஒரு கலவரமும் கிடையாது. மூலநூலில் வேதாளம் சொல்வது இருபத்தைந்தே கதை. 1947-இல் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அந்தப் பத்திரிகை, இருபத்தைந்து தீர்ந்த பிறகும் விடவில்லை. புதிதாகக் கதை கட்டி, மாதாமாதம் வேதாளத்தை முருங்கைமரம் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தது. ஒரகடத்துக்கு ஆலை வருமுன்பே ஓவர்டைம் பார்த்த முதல் தொழிலாளி அந்த வேதாளம்தான்.

கொஞ்சம் மீசை அரும்பியதும் பி.டி.சாமியின் பேய் நாவல்கள். கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து, அரிக்கேன் விளக்கடியில் படிப்பேன். நடுவில் ஒன்றுக்குப் போகவேண்டி வந்தால் கதையும் நின்றுபோகும், மூச்சும் நின்றுபோகும். கொல்லைக்கும் வீட்டுக்கும் நடுவில்தானே புளியமரம். அப்பா பிடித்துவிட்டால், "இதெல்லாம் படிச்சா உருப்படுவியாடா?" என்பார். அதே அப்பாதான் என்னைத் திருவாலங்காட்டுக்குக் கூட்டிப்போய், இறைவனிடம் பேயுரு கேட்டு வாங்கிய காரைக்காலம்மையாரைக் கும்பிட வைத்தார். பள்ளியில் தமிழய்யா கலிங்கத்துப்பரணி நடத்துவார். போர்க்களத்துப் பிணங்களின் பல்லை உரலில் இட்டுப் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிக்கும் கட்டத்தை ருசித்து ருசித்துச் சொல்வார். மார்க் வந்தால் இலக்கியம், வராவிட்டால் குப்பை.

இப்போது என் வீட்டு மாடியில் நாலு கம்பெனிப் பெண்கள் குடியிருக்கிறார்கள். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள். ஒருத்தி ஏ ஷிப்டு நாட்களில் விடிகாலையிலேயே குளித்து, ஈரத்தலையோடு மாடிப்படியில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். முகத்தில் போன் வெளிச்சம்.

"என்னம்மா, வீடியோவா?"

"கதை தாத்தா. பிரதிலிபி ஆப்புல. இவன் பௌர்ணமியானா ஓநாயா மாறிடுவான். ஆனா ரொம்ப நல்லவன்."

"நல்லவன் எதுக்கும்மா ஓநாயா மாறணும்?"

"சாபம் தாத்தா."

சாபம் என்றதும் எனக்குச் சமாதானமாகிவிட்டது. ஓநாய்தான் வெளியூர், சாபம் நம்மூர்ச் சரக்கு.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் போனை உள்ளே விடமாட்டார்கள். லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, ஷிப்டு முழுக்க ஊரார் போனுக்குத் திருகு முடுக்குகிறாள். ஓநாய்க்காரன் கத்தியை ஓங்கிய நிலையில் லாக்கருக்குள் நிற்கிறான். எனக்குத் 'தொடரும்' என்றால் ஒரு மாதம். அவளுக்கு ஒரு ஷிப்டு. வெளியே வந்து திறந்தால், அடுத்த பாகத்துக்குக் காசைக் கட்டு, இல்லையென்றால் நாளைவரை பொறு என்கிறது செயலி. எங்கள் சலூன்காரர் எவ்வளவோ மேல்.

அவளுக்குப் பிடித்த இன்னொரு கதையில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வாசலே இல்லாத அரண்மனையில் கண்விழிக்கிறாள். மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம், ராத்திரி தலை எண்ணுவதற்கு ஒரு சூனியக்காரி. "நாங்க முதல்ல இருந்த ஹாஸ்டல் மாதிரியே தாத்தா, வார்டன் மட்டும் பறக்கமாட்டாங்க" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. 2021 டிசம்பரில் கம்பெனி விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பல பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர, மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்த சங்கதி இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இருண்ட கதை படிக்கிற பிள்ளைகள் உலகம் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டீக்கடையில் என் வயசுக்காரர் ஒருவர், "இந்தக் காலத்துப் புள்ளைங்க எங்கய்யா படிக்குது?" என்று தினமும் நொந்துகொள்வார். அவர் கடைசியாக வாசித்தது, நிலம் எடுத்தபோது வந்த நோட்டீஸ். அதையும் வக்கீல்தான் வாசித்துச் சொன்னார்.

உண்மையில் தமிழில் பதினாறு, பதினேழு வயதுக்கென்று ஒரு தட்டு ஒழுங்காக அமைந்ததே இல்லை. நாங்கள் அம்புலிமாமாவிலிருந்து ஒரே தாவலாகப் பொன்னியின் செல்வனுக்குப் போனோம். நடுவில் இருந்ததெல்லாம் ஒளித்துப் படித்த பி.டி.சாமியும், தினத்தந்தியில் 1960-இல் புறப்பட்டு இன்னும் கரைசேராத கன்னித்தீவு படக்கதையும்தான். அமெரிக்காவில் 2005-இல் ட்வைலைட் வந்து, ரத்தக்காட்டேரியைக் காதலிக்கும் பள்ளிக்கூடப் பெண்ணுக்காகப் புத்தகக்கடைகள் தனி அலமாரியே ஒதுக்கின. நம்மூரில் அந்த இடத்தை, பெயர் தெரியாத பெண்கள் போனில் தட்டச்சு செய்து நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். சந்திப்பிழை ஏராளம், ஆனால் கதையை எங்கே நிறுத்தவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் இலக்கியவாதிகள் பலருக்குக் கைவராத வித்தை அது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு தொழிலாளர் குடியிருப்பு திறந்தார்கள். நல்ல காரியம். இனி இந்தப் பக்கம் விடுதி கட்டுகிறவர்களுக்கும் நடத்துகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: மாடிக்கு ஓர் அலமாரி புத்தகம் வையுங்கள். அதில் திருக்குறள் உரையையும் 'வெற்றிக்கு வழி'யையும் மட்டும் அடுக்கிவிட்டுக் கடமை முடிந்தது என்று பூட்டிவிடாதீர்கள். பேய்க்கதையும் வையுங்கள், சாவியை வார்டனிடம் கொடுக்காதீர்கள்.