ஐயர் வருகிறார்!

இங்கிலாந்தில் ஒரு கிராமத்து ஆலயத்துக்குக் குரு வேண்டுமென்றால் விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைப்பார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து சி.எஸ்.ஐ. கிராமங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. பேராயர் மாறுதல் பட்டியல் போடுவார். அதில் வருகிறவர்தான் ஐயர். 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் மற்றவர்களும் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானார்கள். அதற்கப்புறம் எந்தச் சபைக் கமிட்டியும் அப்படி ஒன்றானதாகத் தெரியவில்லை, ஐயரை மாற்றச் சொல்லி மனு எழுதும் நாளைத் தவிர.

இப்படிப்பட்ட ஐயர் வேண்டுமென்று ஆசைப்படத் தடையில்லையே! கோயில் வேப்பமரத்தடியில் பட்டியல் தயார். பிரசங்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டக்கூடாது, ஆழமும் குறையக்கூடாது. காணிக்கை பற்றி வாயே திறக்கக்கூடாது. கோபுரத்தை மட்டும் கட்டி முடித்துவிட வேண்டும். பேச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவாக இனிக்க வேண்டும். காவலுக்கு ராஜபாளையம் நாயாக நிற்க வேண்டும். அந்த நாயாவது ஒரே எஜமானுக்கு அடங்கினால் போதும். ஐயர் கமிட்டி முழுவதற்கும் அடங்க வேண்டும்.

1854-இல் இந்த வட்டாரத்தில் ஊழியம் தொடங்கிய தாமஸ் ராக்லண்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் ஃபெல்லோ. குருமனை கேட்கவில்லை, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தங்கினார். 1858-இல் சிவகாசியில் உயிர்விட்டார். இன்று அவரே வந்து நின்றாலும் கமிட்டி கேட்கும்: “அதெல்லாம் சரிங்கய்யா, அசன விருந்துக்கு எத்தனை மூட்டை அரிசி போடணும்னு தெரியுமா?”