நாய்க்குத்தான் வாங்கினேன், எசமான்!

ஒரு காலத்தில் சைக்கிள் பந்தயக்காரர்கள் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள். 1924இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைப் பாதியில் உதறிவிட்டு, கூத்தான்ஸ் ஊர்க் காபிக் கடையில் வந்து உட்கார்ந்தார் ஆன்றி பெலிசியே, முந்தைய ஆண்டின் சாம்பியன். கூடவே தம்பி பிரான்சிஸ். விசாரிக்க வந்த பத்திரிகையாளர் ஆல்பர் லோந்த்ர் முன்னால் பையைத் திறந்து கடை பரப்பினார்கள். கண்ணுக்குக் கொக்கெயின், ஈறுக்குக் குளோரோஃபார்ம், அதுபோக டப்பா டப்பாவாக மாத்திரை. நாங்கள் ஓடுவதே டைனமைட்டில்தான் என்றார் தம்பி.

பந்தயத்தை விட்டது இதற்காக இல்லை. அண்ணன் எத்தனை பனியன் போட்டிருக்கிறார் என்று ஓர் அதிகாரி அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டார். கொக்கெயினில் போகாத மானம் பனியனில் போய்விட்டது.

இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி இன்னும் சுருக்கம். ஊக்கமருந்து எடுப்பதுண்டா? தேவைப்பட்டால் மட்டும். எப்போது தேவைப்படும்? அநேகமாக எப்போதுமே. இப்படிப் பட்டென்று போட்டு உடைத்தால் பட்டிமன்றம் எங்கே நடத்துவது?

பட்டிமன்றத்துக்கு வழி செய்தது 1966. டூரின்போது போர்தோவில் ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் கேட்டார்கள். மறுநாளே வீரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு நடந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு டூரில் வென்து மலை ஏற்றத்தில் சைக்கிள் வீரர் டாம் சிம்சன் சரிந்து விழுந்து இறந்தார். உடம்பில் ஆம்ஃபிட்டமின் இருந்தது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அதன்பிறகு சோதனை வேண்டாம் என்று யாராலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சோதனை நிலைத்தது. பொய்யும் அன்றுதான் பிறந்தது என்பது என் கட்சி.

பொய்யின் பொற்காலத்தைத் தொடங்கிவைத்தவர் பெல்ஜியத்தின் மிஷெல் போலன்தியே. 1978 டூரில் ஆல்ப் துவெஸ் மலையில் முதலாவதாக வந்து, முன்னணி வீரருக்கான மஞ்சள் சட்டையையும் வென்றார். சோதனை அறைக்குள் நுழைந்தபோது அவர் அக்குளில் ஒரு ரப்பர் குமிழ். அதற்குள் வேறொரு புண்ணியவானின் சுத்தமான சிறுநீர். அங்கிருந்து உடம்போடு ஒட்டியபடி கீழே இறங்கும் மெல்லிய குழாய். கையை இறுக்கினால் காரியம் முடிந்தது. ஆனால் அவருக்கு முன்னால் நின்ற வீரரின் குழாய் அந்த நேரம் பார்த்துச் சண்டித்தனம் செய்ய, மருத்துவருக்குச் சந்தேகம் தட்டியது. போலன்தியேயின் சட்டையைத் தூக்கினார். பெலிசியேவுக்குப் பிறகு வரலாற்றில் இடம்பெற்ற இரண்டாவது சட்டை. மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூடப் போட்டு ஓட்டாமல் ஊருக்குக் கிளம்பினார்.

இனி உபகரணம் உதவாது, கதைதான் கைகொடுக்கும் என்று அடுத்த தலைமுறை புரிந்துகொண்டது. 2002இல் ஃபிராங்க் வான்டன்புரூக்கின் வீட்டில் போலீஸ் மருந்துகளைக் கைப்பற்றியபோது, அவை நாய்க்கு என்றார். அதே ஆண்டு டூரில் மூன்றாமிடம் பிடித்த ரைமொண்டாஸ் ரும்சாஸின் மனைவி கார் நிறைய மருந்தோடு பிடிபட்டார். எல்லாம் ரும்சாஸின் மாமியாருக்காம். வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் உட்பட. மாமியார் மீது இத்தனை பாசம் வைத்த மருமகனை நம் பக்கம் பார்ப்பது அரிது. மனைவி சிறையில் இருந்தார். மருமகன் பிரான்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

டைலர் ஹாமில்டன் உடம்பில் இன்னொருவரின் ரத்தம் இருந்தது 2004இல் தெரிந்தது. பிறக்குமுன்பே கருவில் கரைந்துபோன இரட்டையின் அணுக்களாக இருக்கலாம் என்று வாதாடியது அவர் தரப்பு. என் கணக்கில் இதற்குத்தான் முதல் பரிசு. அல்பெர்த்தோ கொன்தாதோர் 2010இல் சோதனையில் சிக்கியதும் மாட்டிறைச்சியைக் கைகாட்டினார். தீர்ப்பாயம் ஏற்கவில்லை, பட்டம் போனது, மாட்டின் மானம் தப்பியது.

ரசிகர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2006இல் பட்டம் வென்ற ஃபிளாய்ட் லேண்டிஸ் டெஸ்டோஸ்டிரோன் சோதனையில் சிக்கியதும், முந்தின இரவு குடித்த விஸ்கி என்று ஆரம்பித்தார். நம்பியவர்கள் வழக்குச் செலவுக்குப் பணம் அனுப்பினார்கள். 2010இல் அவரே ஒப்புக்கொண்டார். பிறகு சுமார் 4.78 லட்சம் டாலரைத் திருப்பித் தருவதாக அரசு வழக்கறிஞர்களிடம் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. பொய்க்கு மொய் எழுதியவர்களுக்கு மொய் திரும்பக் கிடைப்பதாக ஆனது இந்த ஒரு முறைதான்.

லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் விவகாரத்தில் அந்த ஆறுதலும் இல்லை. 1999இலேயே கார்டிகோஸ்டீராய்டு தட்டுப்பட்டது. சைக்கிள் இருக்கையில் உராய்ந்து வந்த புண்ணுக்குப் போட்ட களிம்பு என்று, முன்தேதியிட்ட மருந்துச்சீட்டு நீட்டப்பட்டது. அதிகாரிகளும் தலையாட்டினார்கள். அதன்பின் ஏழு பட்டம். சந்தேகப்பட்டவர்களைப் பொறாமைக்காரர்கள் என்றார்கள் ரசிகர்கள். இத்தனை சோதனையிலும் மாட்டவில்லையே என்பதுதான் அவர்களின் பிரம்மாஸ்திரம். 2005இல் பாரிஸ் மேடையில், அற்புதங்களை நம்பாதவர்களுக்காக வருந்துவதாக அவரே சொன்னார். 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரே அடுக்கடுக்காகக் கேட்ட ஆரம்பக் கேள்விகளுக்கு ‘ஆமாம்’.

அவரிடமிருந்து பறித்த அந்த ஏழு பட்டத்தையும் இரண்டாமவருக்குத் தரலாமே என்று கேட்பீர்கள். தரவில்லை. 1999 முதல் 2005 வரை முதல் மூன்று இடங்கள் மொத்தம் 21. அவற்றில் 20 இடங்களைப் பிடித்தவர்களுக்கு ஊக்கமருந்தோடு தொடர்பு உண்டு என்றது அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு. வெற்றியாளர் பட்டியலில் அந்த ஏழு வரிகளும் இன்றுவரை காலி.