இருபத்தஞ்சரைக் கோடி அண்ணன்

தினார் அண்ணனிடம் கல்யாணப் பத்திரிகையை மட்டும் நீட்டக் கூடாது. மாப்பிள்ளை பேரைப் படிக்குமுன்பே பின்பக்கத்தைத் திருப்பிப் பேனாவை எடுத்துவிடுவார்.

“பத்து லட்சம் தினார். தினாருக்கு மூணு டாலர், முப்பது லட்சம் டாலர். எண்பத்தஞ்சால பெருக்கு.”

அவரே பெருக்குவார். அடியில் ரெண்டு கோடு இழுத்து, சுற்றி வட்டம் போடுவார்: இருபத்தஞ்சரைக் கோடி! எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பில் இந்தக் கணக்கு ஏறாத தாளே கிடையாது. ரேஷன் பில், மருந்துச் சீட்டு, பழைய காலண்டர், பேரனின் ஹோம்வொர்க் நோட்டு. விடை தெரிந்த கணக்கை இத்தனை தடவை போடுகிறவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பேரன் பெருக்கலில் மட்டும் நூற்றுக்கு நூறு.

மூணு டாலர் அவர் கற்பனை இல்லை. எண்பதுகளில் ஈராக் தினாருக்கு அரசாங்கம் வைத்த விலை அதற்கும் மேல். இப்போது ஒரு டாலருக்கே 1,300 தினார். சொன்னால், “குவைத் தினாரு விழுந்துட்டு 1991-ல எழுந்திருக்கலயா?” என்பார். 2020 டிசம்பரில் ஈராக் மத்திய வங்கி தினாரின் மதிப்பை இறக்கியது. 1,190-ல் இருந்தது 1,400-ஐத் தாண்டிப் போயிற்று. “கடா பின்வாங்குதுபா, முட்டறதுக்கு!” 2023 பிப்ரவரியில் 1,300 ஆக்கினார்கள். “முட்டிச்சா இல்லையா?” அன்றைக்குக் கடையிலிருந்த எல்லோருக்கும் டீ. காசு என்னுடையது.

2001 பிப்ரவரி 28-ல் அவர் வேலை பார்த்த கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியபோது வந்த செட்டில்மென்ட் பணத்தை எடுத்து, 2004-ல் வளைகுடாவிலிருந்து வந்த யாரிடமோ 25,000 தினார் நோட்டு நாற்பது வாங்கினார். பத்து பவுன் வாங்குகிற காசு. பவுன் அப்போது ஐயாயிரத்துக்குள். 2025-ல் எழுபதாயிரத்தைத் தாண்டியது. தங்கச் சுரங்கத்தில் இறங்கி ஏறின மனுஷன் காகிதத்தை நம்பினார். அவருடைய அதே எண்பத்தஞ்சுக் கணக்குப்படி மொத்தக் கட்டும் அறுபத்தையாயிரம் பெறும். அதையும் வாங்க ஆள் வேண்டும்.

சுரங்கம் திரும்பத் திறக்கும் என்று காத்துக் கிடக்கிற ஊர். ஆகவே அவரை யாரும் ரொம்பக் கேலி செய்வதில்லை. ‘என்னா பொறுமைடா’ என்று மெச்சுகிறவர்கள்கூட உண்டு. எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. அண்ணி விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார். அவர் உலை வைக்காவிட்டால் இவர் பொறுமை ஒரு வேளை தாங்காது.

போன வாரம் கேட்டேவிட்டேன். “நோட்டு பெட்டியில இருக்கட்டும்ணா. ஒரு வாட்ச்மேன் வேலை பாத்துக்கிட்டு நீயும் அண்ணிகூட ரயில் ஏறலாமில்ல?”

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ரேட்டு ஏர்ற நேரத்துல நான் ஊர்ல இல்லன்னா?”