கேரவனுக்குப் பெயர்சூட்டு விழா

1907-ல் தொடங்கிய பிரிட்டனின் 'கேரவன் கிளப்', நூற்றுப் பத்து வருஷம் கேரவனை மட்டுமே பெயரில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது. 2017-ல் நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்து, அது 'கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்' ஆயிற்று.

காருக்குப் பின்னால் கட்டி இழுத்தால் கேரவன். தானே ஓடினால் மோட்டார்ஹோம். இழுக்கும் கட்சிக்கு, விருந்தாளிக்குப் பட்டாவில் பங்கு எழுதிவிட்டார்களே என்ற மனத்தாங்கல். ஓட்டும் கட்சிக்கோ, இத்தனை காலம் சந்தா கட்டியும் கடைசியில் 'அண்ட்'டுக்குப் பின்னால்தான் இடமா என்ற குறை. கூடாரக்காரர்களை யாரும் கேட்கவே இல்லை. (அவர்கள் மழையில் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.) கணக்குப் பார்க்கும் மூத்த உறுப்பினருக்கு வேறு கவலை: இத்தனை பெயர்ப்பலகைகளையும் யார் காசில் மாற்றுவது?

1901-ல் பிறந்த 'கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்' என்று இன்னொன்று ஏற்கெனவே உண்டு. இனி எந்த கிளப்புக்குச் சந்தா கட்டினோம் என்று ரசீதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேரவன் கிளப் பெயர் மாறியதற்கு முந்தின வருஷம்தான், 1878-ல் தோன்றிய 'சைக்ளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்' தன் பெயரை 'சைக்கிளிங் யூகே' என்று குறுக்கியது. கூட்டம் சேர்க்க ஒருவர் பெயரை நீட்டுகிறார், ஒருவர் வெட்டுகிறார். இரண்டுக்கும் பில் உண்டு.

மற்றபடி, கழிப்பறைப் பெட்டியை அவரவரேதான் இன்றும் தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும்.